கோழி கொடுப்பவர்கள் கூட்டையும் கொடுக்க வேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் வளவுக்குள் நடக்கும் காரியம். குசினிக்குப் பின்னால் கொத்தித் திரியும் நாலைந்து பேடுகள், ஒரு சேவல், கரப்புக்குள் மூடிவைத்த குஞ்சுகள். அநேக வீடுகளின் பண்ணை இவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் போக மிஞ்சும் முட்டை அயலில் விலைப்படும். அந்தக் காசு பெண்களின் கையில் நிற்கும். 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறியபோது வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சு கொடுப்பது வழக்கமானதற்கு இதுவே காரணம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்து, அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டபோது வளவுக் கோழியின் அருமை இன்னும் கூடியது. குஞ்சு கொடுக்கும் உதவி எதையும் குறைசொல்ல நான் வரவில்லை. கூட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடு கோழியின் வசதிக்கான பொருள், இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வேப்பமரம் இருக்கிறது என்ற எண்ணம் மாற வேண்டும். பாம்பு நடமாடும் இந்த வறண்ட நிலத்தில் இறுக்கிப் பூட்டிய கோழிக்கூடு மனிதரைப் பாம்புக்கடியிலிருந்து காக்கும் சாதனம். அதைச் சுகாதாரச் செலவாகவே கணக்கிட வேண்டும்.

நம் நிலம் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல ஒன்றில்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய மண், அடியில் கிணற்றுநீர். மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையில் கொட்டி முடிந்துவிடும். வடமராட்சி கிழக்கின் மணற்காட்டில் மணற்குன்றுகளைப் பார்ப்பவர் பாலைவனத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைப்பார். நெடுந்தீவில் பவளக்கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கிய மதில்களே வேலி. கல்லிடுக்கு, உக்கிய கிடுகு, காவோலைக் குவியல், விறகு அடுக்கு எல்லாம் எலிக்கும் பாம்புக்கும் தோதான இருப்பிடங்கள். நாகமும் கண்ணாடிப் புடையனும் கட்டுவிரியனும் தீவின் பல பாகங்களிலும் உள்ளவை. சுருட்டை விரியனோ வறண்ட கரையோர மணல்நிலத்தை விரும்புவது. குடாநாட்டில் அது கடித்து வைத்தியசாலைக்கு வருபவர்களைப் பற்றித் தனியாகவே மருத்துவ ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. உருவில் சிறியது, மண்ணின் நிறம் கொண்டது, இருட்டியபின் நடமாடுவது என்பதால் காலடியில் கிடந்தாலும் கண்ணில் படாது.

கோழி இந்தப் பாம்புகளை இரண்டு வழியாக அழைக்கிறது. முட்டைக்கும் குஞ்சுக்கும் நேரடியாக வருபவை நாகமும் சாரையும். அது எல்லோருக்கும் தெரிந்த வழி. மற்றது சுற்றுவழி, ஆபத்து கூடியதும் அதுதான். கோழிக்கு இறைத்த நெல்லும் குறுணலும் இரவில் நிலத்தில் கிடந்தால் எலி வரும். எலி வந்தால் அதைத் தேடிப் புடையன் வரும். கோழியை அது தொடாமலே போகலாம். ஆனால் கூடு இருக்கும் இடம் கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவில், வீட்டுக்காரர் விடியற்காலையிலும் மைம்மலிலும் வெறுங்காலோடு நடக்கும் பாதையில். அடைக்கோழியின் கீழ் முட்டை பார்க்கக் கை விடுவதும், கரப்பைத் தூக்குவதும், நள்ளிரவில் கோழி கத்தினால் ரோச் லைற் இல்லாமல் ஓடுவதும் அங்கேதான். கோழிக்கூட்டில் பாம்பு என்றதும் எத்தனை குஞ்சு போயிற்று என்று கேட்கிறோம். குஞ்சு போனால் இன்னொரு அடை வைக்கலாம். இருட்டில் கூட்டுக்குள் போகும் அந்தக் கையைப் பற்றியே என் கவலை எல்லாம்.

இது மிகையான பயம் அல்ல. இலங்கை முழுவதும் வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்பின் முடிவு 2016இல் வெளியானது. ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட பாம்புக்கடிகள், அவற்றில் ஏறத்தாழ 30,000 விஷம் ஏறியவை, 400க்கும் மேற்பட்ட மரணங்கள் என்று அது மதிப்பிட்டது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடி விஷத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் மரணத்தையும் அங்கவீனத்தையும் பாதியாகக் குறைப்பது அதன் இலக்கு. மருந்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நம் வைத்தியர்கள் அதைத் திறமையாகவே கையாளுகிறார்கள். ஆனால் நம் வைத்தியசாலைகள் நீண்டகாலமாக நம்பியிருக்கும் விஷமுறி மருந்து இந்தியாவில் தயாராவது. அதற்குத் தேவையான விஷத்தில் பெரும்பங்கை எடுத்துக் கொடுப்பவர்கள் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அவர்களின் உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் அம்மருந்து இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு உருவானது. இங்கே அதை ஏற்றும்போது ஒவ்வாமை காண்பது அடிக்கடி நிகழ்வது. நெடுந்தீவில் கடிபட்டவர் பெரிய வைத்தியசாலைக்கு வரவேண்டுமானால் குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு வீதி வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர வேண்டும். புடையனின் விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தைப் பாதிப்பது. கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் மூச்சுத் தசைகள் செயலிழக்கக்கூடும். கடல் கொந்தளிக்கும் இரவில் இவை இரண்டும் காத்திருப்பதில்லை.

கண்ட பாம்பை அடித்துவிட்டால் போகிறது என்பது பழைய வாதம். அடிக்கப்போய்க் கடிபடுபவர் உண்டு. அதோடு முதலில் அடிபடுவது பெரும்பாலும் பகலில் நடமாடும் சாரை. எலியை ஒழிக்கும் சாரையைக் கொன்று எலியை வளர்த்துவிட்டால், அந்த எலியைத் தேடி வருவது புடையன்தான். நயினாதீவில் நாகபூசணி அம்மனையும் ஊரெங்கும் நாகதம்பிரானையும் கும்பிடுகிற நாம், வளவில் கண்டவுடன் பொல்லை எடுக்கிறோம். பக்திக்காக வேண்டாம், பலனைப் பார்த்தாவது இதை நிறுத்தலாம். கோழியே பாம்பைக் கொத்தித் தின்றுவிடுமே என்பாரும் உண்டு. சிறு பாம்புக் குட்டியையும் பூரானையும் தேளையும் கோழி தின்னும், உண்மை. ஆனால் பகலில்தான். இரவில் கண் தெரியாமல் அடைந்திருக்கும் கோழி யாருக்கும் காவல் இல்லை. உள்ளி நசுக்கி வைப்பதும், பூச்சி உருண்டை போடுவதும், மண்ணெண்ணெய் தெளிப்பதும் நம்பிக்கையோடு நின்றுவிடுகின்றன. பூச்சி உருண்டை சிறு பிள்ளைகளுக்கும் ஆபத்து. கரையோரக் கிராமங்களில் பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டும் பழக்கத்தை நான் குறிப்பாக எதிர்க்கிறேன். பாம்பு அதில் சிக்கி நகர முடியாமல் கிடக்கும். விடிந்ததும் வலையை விடுவிக்கக் கைவைப்பவருக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

தடுப்பு பலன் தரும் என்பதற்கு வேறிடத்துச் சான்று ஒன்று உண்டு. நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், நுளம்பு வலைக்குள் படுப்பவர்களுக்குப் பாம்புக்கடி குறைவாக இருந்தது தெரியவந்தது. பாம்புக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு வலை, அவ்வளவுதான். கோழிக்கூட்டிலும் செய்ய வேண்டியது அதுவே. நிலத்திலிருந்து இடுப்பளவு உயர்ந்த கூடு, அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பிவலை, இடைவெளியில்லாமல் மூடும் கதவு. கடைகளில் கோழிவலை என்று மலிவாக விற்பது பெரிய கண்ணுள்ளது. எலியும் இளம்பாம்பும் அதற்குள் நுழைந்துவிடும். முட்டை இடும் பெட்டியின் மூடி வெளிப்பக்கமாகத் திறந்தால் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டியதில்லை. பொழுது சாயுமுன் முட்டையை எடுத்து, சிந்திய தீனியைக் கூட்டி, மிச்சத்தைத் தகர மூடியுள்ள வாளியில் வைத்துவிட வேண்டும். விறகும் காவோலையும் கூட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

செலவைக் காட்டி மறுப்பவர்களின் வாதம் மற்ற எல்லாவற்றையும்விடப் பலமானது. கம்பிவலையும் சட்டப்பலகையும் இன்று விற்கும் விலையில், ஐந்து கோழி வைத்திருக்கும் தாய்க்குக் கூடு கோழியைவிடப் பெறுமதி கூடியதாகிவிடும். அதனால்தான் அந்தச் சுமையை அவரிடம் விடக் கூடாது என்கிறேன். கொடுக்கும் தொகை அவ்வளவுதான் என்றால் நூறு வீட்டுக்குக் குஞ்சு மட்டும் கொடுப்பதைவிட நாற்பது வீட்டுக்குக் கூட்டோடு கொடுப்பது மேல். மீதி அறுபது வீடுகளுக்கு இது அநியாயம் என்று கேட்பது நியாயமான கேள்விதான். அடுத்த ஆண்டு அவர்களிலிருந்து தொடங்கட்டும். மரத்தில் அடைந்து பழகிய ஊர்க்கோழி கூட்டுக்குள் வராது என்பதும் முழு உண்மையல்ல. புதுக் கூட்டில் சில நாள் அடைத்துவைத்துத் தீனி கொடுத்தால், மைம்மலில் அவை தாமாகவே அங்கு திரும்பும். இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போட வரும் கால்நடை உத்தியோகத்தர் கூட்டின் வலையையும் கதவையும் ஒருதரம் பார்த்துக் குறித்துக்கொள்வது பெரிய வேலையல்ல. ஐப்பசி மழையில் பொந்துகளுக்குள் வெள்ளம் புகுந்தால் பாம்புகள் மேடு தேடி வீட்டுப் பக்கம் வரும். எனவே பிரதேச செயலகங்களும் தொண்டு நிறுவனங்களும் குஞ்சு பங்கிடும் திகதியைக் குறிக்கும்போது, கூடுகள் ஆவணி முடிவதற்குள் வளவுகளில் பூட்டி நிற்கும்படி அட்டவணை போட வேண்டும்.