சாக்பீஸ் தூசியும் மரத்தூளும்

கொஞ்சம் நீளமான பதிவு. தச்சுத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளும், அவர்களிடம் வேலை கொடுக்கப் போகிறவர்களும் முழுதாகப் படியுங்கள்.

போன மாதம் மகன் வீட்டு அடுப்படிக்கு அலமாரி செய்யக் கொடுக்க, பட்டணம்காத்தான் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். நடத்துபவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். சிஎன்சி ரூட்டர் மிஷின் போட்டிருக்கிறான். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் எட்டுக்கு நாலு பலகையிலிருந்து கதவு, பக்கப் பலகை, தட்டு எல்லாம் அளவு பிசகாமல் வெட்டித் தருகிறது. பார்க்கப் பெருமையாக இருந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் தொண்டை கமறியது. மூக்குக்கண்ணாடியில் மாவு படிந்துவிட்டது. இருபது வயதுகூட நிரம்பாத ஒரு தம்பி, முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, தூசி இழுக்கிற மிஷின் இருக்கே?" என்றேன்.

"இருக்கு டீச்சர், சரியா இழுக்க மாட்டேங்குது. பெருசா வாங்கணும்னா ரேட்டை ஏத்தணும். ஏத்துனா யாரு வருவா?"

எனக்குச் சுருக்கென்றது. சற்று முன்னால்தான் மூவாயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியிருந்தேன்.

மரத்தூள் வெறும் குப்பை அல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்தது. பல வருடம் அதிகமாகச் சுவாசித்தவர்களுக்கு மூக்கின் உட்பகுதியில் வருகிறது. எம்டிஎஃப், பிளைவுட் பலகைகளை ஒட்டும் பசைகளில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. அதுவும் 2004-ல் அதே பிரிவுக்கு வந்தது. ஆஸ்துமா, தீராத இருமல் இவையெல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும்.

முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் தூசியில் நின்றவள் நான். டஸ்டரைச் சுவரில் தட்டினால் தூசி வகுப்பு முழுக்கப் பறக்கும். ஈரத்துணியால் துடைத்தால் கரும்பலகையோடு முடிந்துவிடும். தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் 14-வது பிரிவில் சொன்னதும் இதைத்தான்: உறிஞ்சும் கருவி, தூசி கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும்.

அவனும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். பாதிக் குறைகளுக்குப் பெரிய செலவே தேவைப்படவில்லை.

ஒன்று, வெட்டும் பிட்டைச் சுற்றியுள்ள பிரஷ் மூடி தேய்ந்து, பலகையைத் தொடாமல் நின்றது. மாற்றினான். பலகையின் ஓரத்தில் வெட்டும்போது மூடியின் பாதி வெளியே தொங்கிக் காற்று ஓடிவிடும். அதே கனத்தில் ஒரு வேஸ்ட் பட்டையை ஓரத்தில் வைத்தால் போதும்.

இரண்டு, உறிஞ்சும் மிஷின் தூரத்து மூலையில் இருந்தது. இடையில் 30 அடிக்கு மடிப்பு மடிப்பான ஹோஸ். மடிப்புதான் காற்றின் இழுவிசையைத் தின்கிறது. மிஷினைப் பக்கத்தில் நகர்த்தி, அசையும் பகுதிக்கு மட்டும் ஹோஸ், மற்ற இடத்தில் வழவழப்பான குழாய் என்று வைத்தான். 4 அங்குலக் குழாயைவிட 6 அங்குலக் குழாயின் வாய் இரண்டேகால் மடங்கு பெரியது. அதற்காக மோட்டாரைப் பார்க்காமல் குழாயை மட்டும் பெருக்கக் கூடாது. காற்று நொடிக்கு 20 மீட்டர் அளவுக்காவது ஓடாவிட்டால் தூள் குழாயிலேயே தங்கிவிடும்.

மூன்று, என் கணக்குப் பாடம். பிட் நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு வெட்டு விளிம்பு. ஆக 36,000 வெட்டு. நிமிடத்துக்கு 3 மீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு சீவலும் 0.08 மில்லிமீட்டர். 6 மீட்டர் நகர்ந்தால் 0.17. பிட்டும் பலகைப் பிடிப்பும் தாங்கும் வரை வேகமாக நகர்த்தினால் மாவு குறைந்து சீவல் கூடும். சீவலைப் பிடிப்பது சுலபம்.

நான்கு, துணிப்பை பெரிய தூளைத்தான் நிறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியாத தூள் துணி வழியே மறுபடி அறைக்குள்ளேயே வருகிறது. நல்ல ஃபில்டர் போட வேண்டும். அதுவரை பையை வெளியே தனிக் கொட்டகையில் வைக்கலாம், ஆடிக் கச்சானில் அடுத்த வீட்டுக்குப் பறக்காதபடி.

இப்போது தரையில் விழும் தூள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறான். அதோடு திருப்தி அடையாதே என்றேன். இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார். வெளிச்சத்தில் மிதப்பதுதான் நுரையீரலுக்குள் போவது. அது நிற்கும் வரை எல்லாருக்கும் என்95 மாஸ்க் வேண்டும். கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதும், காய்ந்த துடைப்பமும் கூடாது. வேக்குவம்தான்.

மிஷினுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்குகிறோம், தூசிக்கு மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறோம். என் கருத்து இதுதான்: தூசி பிடிக்கும் ஏற்பாடு மிஷினின் ஒரு பாகம். அந்த விலையையும் சேர்த்தே கடன் கேளுங்கள், சேர்த்தே ரேட் சொல்லுங்கள்.

வேலை கொடுப்பவர்களே, பேரம் பேசும்முன் ஒருமுறை பட்டறைக்குள் போய் மூச்சு இழுத்துப் பாருங்கள். நான் குறைக்கச் சொன்ன மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தம்பிக்கு முதலில் மாஸ்க் வாங்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகள் நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.

ஆசிகளுடன்,
உங்கள் டீச்சர்