மூடி மறைக்கப்படும் சட்டகம்

ரொறன்ரோவில் வசிக்கும் எனது பெறாமகன் ஒருவரின் வரவேற்பறையில், கண்ணாடி அலுமாரியொன்றின் நடுத்தட்டில், பச்சை நிறக் கார் ஒன்று வீற்றிருக்கிறது. லம்போர்கினி சியான். லெகோ நிறுவனம் 2020இல் வெளியிட்ட டெக்னிக் மாதிரி. 3,696 துண்டுகள். பொன்னிறச் சில்லுகள். பனிக்காலத்தின் மூன்று வார இரவுகளைச் செலவிட்டுத் தாமே கட்டி முடித்ததாகப் பெருமையுடன் சொன்னார். அலுமாரிக் கதவைத் திறந்து, அதை ஒரு விரலால் மெல்ல முன்னே தள்ளிப் பார்த்தேன்.

“சித்தப்பா, தள்ளாதேங்கோ. ஏதும் கழண்டு விழுந்தால் பிறகு பூட்டேலாது.”

அதற்குள் எத்தனை கியர் இருக்கிறது என்று கேட்டேன். எட்டு என்றார். எட்டும் எப்படி மாறுகின்றன என்று கேட்டேன். சிரித்தார். “புத்தகத்திலை காட்டினபடி பூட்டினனான். உள்ளுக்கை என்ன நடக்குது எண்டு ஆர் பாத்தது?”

அவரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. கணக்காளராகத் தொழில் பார்க்கும் மனிதர், வேலை முடிந்து வந்து, கைக்கு இதமான ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கிறார். குறை அவரிடத்தில் இல்லை. ஒரு பொறியின் உள்ளுறுப்புகளைக் கற்பிக்கவென்று தொடங்கப்பட்ட ஒரு விளையாட்டுப்பொருள், அதே உள்ளுறுப்புகளை மூடி ஒளித்து விற்கும் அலங்காரப் பொருளாக மாறிப்போயிருக்கிறதே, அங்கேதான் குறை.

பழங்கதையைச் சற்றே நினைவுகூர வேண்டும். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில், தச்சுத் தொழிலாளியான ஓலே கிர்க் கிறிஸ்ரியன்சன் 1932இல் தொடங்கிய நிறுவனம் இது. இன்று நாம் அறிந்த, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்ரிக் கட்டைக்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 ஜனவரி 28ஆம் திகதி பதிவானது. 1977இல் பற்சில்லுகளும் அச்சுகளும் துளையிட்ட சட்டங்களும் கொண்ட தொழில்நுட்ப வரிசை வெளிவந்தது. அதன் முதலாண்டுப் பெட்டிகளில் ஒன்றுதான் 853ஆம் இலக்கக் கார்ச் சட்டகம்.

சட்டகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். கார் அல்ல. கூரை கிடையாது, கதவு கிடையாது, முகப்பு விளக்கு கிடையாது. ஸ்ரியறிங்கைத் திருப்பினால் முன்சில்லுகள் திரும்பும். தள்ளிக்கொண்டு போனால் நான்கு பிஸ்டன்களும் மேலும் கீழும் ஓடும். இரண்டு கியர்கள், முன்பின் நகரும் ஆசனங்கள். அவ்வளவுதான். உடம்பே இல்லாத காரை உலகெங்கும் பிள்ளைகளுக்கு விற்றார்கள், பிள்ளைகளும் வாங்கினார்கள். இக்காலத்து விற்பனைப் பிரிவினர் எவரிடமேனும் இந்த யோசனையைக் கொண்டுபோனால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள்.

1980இல் 8860ஆம் இலக்கச் சட்டகம் வந்தது. அதுவும் வெறும் எலும்புக்கூடுதான். பின்புறத்தில் படுக்கையாகக் கிடக்கும் நான்கு பிஸ்டன் இயந்திரம், மூன்று கியர், பின்சில்லுகளுக்கு அதிர்வு தாங்கி, இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு டிபரென்சியல். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சில்லு குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஒன்று வழுக்கியே தீரும். இதைப் பாடப்புத்தகத்தில் வாசித்து மனனம் செய்யலாம். அல்லது அந்தச் சட்டகத்தைத் தூக்கிப் பிடித்து, நடுத்தண்டை அசையாமல் நிறுத்தி, ஒரு சில்லை முன்னே சுழற்றலாம்; மற்றச் சில்லு பின்னே சுழலும். பத்து வயதுப் பிள்ளையொன்று அதைக் கண்டு வாய்பிளந்து நின்றால், அதன்பின் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் தேவையில்லை.

1988இல் நான்கு சில்லுகளுக்கும் அதிர்வு தாங்கிகள் வந்தன. 1994இல் வந்த 8880, இத்துறையில் ஊறியவர்கள் இன்றும் மரியாதையுடன் பெயர் சொல்லும் பெட்டி. நான்கு சில்லுகளும் இயந்திரத்தால் ஓடுபவை, நான்கும் திரும்புபவை. வீ வடிவில் எட்டு பிஸ்டன்கள், மூன்று டிபரென்சியல்கள், நான்கு கியர். மேலே கறுப்புச் சட்டங்களால் பெயருக்கு ஓர் உடம்பு இருந்ததே தவிர, இடுக்குகளெல்லாம் திறந்தே கிடந்தன. எந்தக் கார் நிறுவனத்தின் பெயரும் அதில் இல்லை.

அந்தக் கியர்ப்பெட்டியின் வேலைப்பாட்டை இங்கே சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். அதைப் புரிந்துகொள்ளாதவருக்கு எனது கோபம் புரியாது. லெகோ உலகின் அடிப்படை அளவு 8 மில்லிமீற்றர். துளைக்குத் துளை அந்தத் தூரம்தான். பற்சில்லுகளை வடித்தவர்கள் இதற்கு இசைவாகவே பற்களை எண்ணி அமைத்தார்கள். 8 பற்களும் 24 பற்களும் கோர்த்தால் இரண்டு அச்சுகளுக்குமிடையே 16 மில்லிமீற்றர். 12 பற்களும் 20 பற்களும் கோர்த்தாலும் அதே 16. 16உம் 16உம் கோர்த்தாலும் அதுவே. ஆகவே சமாந்தரமான இரண்டு அச்சுகளின்மீது இந்தச் சோடிகளை வரிசையாக அடுக்கினால், எல்லாம் ஒரேநேரத்தில் கோர்த்து நிற்கும். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தைத் தரும். மூன்றுக்கொன்று, ஐந்துக்கு மூன்று, ஒன்றுக்கொன்று. எந்தச் சோடியை அச்சோடு இறுக்குவது என்று தீர்மானிக்க, இரண்டு பற்சில்லுகளுக்கிடையே நகரும் வளையமொன்று இருக்கிறது. அது இந்தப் பக்கம் போனால் ஒரு கியர், அந்தப் பக்கம் போனால் இன்னொரு கியர். அந்த வளையம் முதலில் வந்தது 8880இல்தான். நீங்கள் ஓட்டும் உண்மையான காரில், கையால் கியர் மாற்றுவதாயின், நடப்பதும் இதுவே. பற்சில்லுகள் எப்போதும் கோர்த்தபடியே சுழல்கின்றன; வளையம்தான் நகர்கிறது. கியர் மாற்றும்போது பற்சில்லுகளே இடம் மாறுகின்றன என்று, நாற்பது வருடமாகக் கார் ஓட்டும் எனது நண்பர்கள் பலர் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்!

கட்டையின் உயரத்திலும் இப்படியொரு கணக்கு இருந்தது. பழைய துளைச் சட்டத்தின் உயரம் 9.6 மில்லிமீற்றர். ஆதலால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை அடுக்கினால் துளைகள் 8இன் மடங்கில் அமையா; குறுக்கே இன்னொரு சட்டத்தை நிறுத்திப் பூட்ட இயலாது. நடுவே 3.2 மில்லிமீற்றர் தகடுகள் இரண்டை வைத்தால் 16 ஆகும். குறுக்குச் சட்டம் அழகாகப் பொருந்தும். இந்தச் சூத்திரத்தை அறியாதவர் கட்டிய சட்டகம் கையில் எடுத்ததும் முறுகும். முறுகினால் பற்கள் நழுவும். எலும்பு உறுதியில்லாவிட்டால் இயந்திரம் பயனில்லை என்பதைப் பிள்ளைகள் தமது கைவிரல்களால் அறிந்துகொண்டது அப்படித்தான்.

நிற்க. இன்றைய நிலைக்கு வருவோம்.

2016இல் போர்ஷே 911 ஜீரீ3 ஆர்எஸ், 2,704 துண்டுகள். 2018இல் புகாட்டி ஷிரோன், 3,599 துண்டுகள், 350 டொலர். 2020இல் மேற்சொன்ன லம்போர்கினி. 2022இல் பெராரி டேற்றோனா எஸ்பீ3, 3,778 துண்டுகள், 400 டொலர். 2024இல் மக்லாரன் பீ1, 3,893 துண்டுகள், 450 டொலர். எல்லாம் அசலின் எட்டிலொரு பங்கு அளவு. எல்லாம் பெயருள்ள கார்கள். லம்போர்கினியின் பெட்டியில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது, யாருக்காக இந்த வரிசை தொடங்கப்பட்டதோ அவர்களுக்கு இல்லை என்று பொருள்.

இவற்றின் சட்டகங்கள் மட்டமானவை என்று நான் சொல்லவில்லை. உண்மை நேர்மாறானது. குமிழில்லாத புதிய சட்டங்களின் வரவால் உறுதியும் நெருக்கமும் பலமடங்கு கூடியிருக்கின்றன. புகாட்டியின் பதினாறு பிஸ்டன்களும் எட்டுக் கியர்களும் அவ்வளவு சிறிய இடத்தினுள் இயங்குவதைக் கண்டால், 8880ஐக் கட்டியவரே தலைவணங்குவார். அந்தக் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியே கட்டி இணைக்கும் கட்டத்தை, உண்மைத் தொழிற்சாலையின் வழக்கப்படி ‘திருமணம்’ என்றே அழைக்கிறார்கள். அந்த நிமிடத்தில் மேசைமீது நிற்பது அற்புதமான ஒரு பொருள்: தானாகவே நிற்கும், ஓடும், கியர் மாறும், உடம்பில்லாத சட்டகம். அதன் பிறகு என்ன செய்கிறார்கள்? நூற்றுக்கணக்கான தகடுகளால் அதைச் சுற்றி மூடுகிறார்கள். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கியர்ப்பெட்டியின் ஒரு பல்கூட வெளியே தெரியாது. திருமணம் முடிந்த கையோடு மணமகளை அறையில் பூட்டிய கதை!

இதற்குச் சொல்லப்படும் மறுமொழி எனக்குத் தெரியும். வாங்குகிறவர்கள் அழகைத்தான் கேட்கிறார்கள். எலும்புக்கூட்டை யார் வாங்குவார்? வேறொரு மறுமொழியும் உண்டு. உள்ளே இருப்பதைக் கட்டியவர் அறிவார், அறிந்தால் போதாதா?

அறிந்துதான் கட்டுகிறார்களா? போர்ஷே வெளிவந்த புதிதில் நடந்ததைக் கேளுங்கள். கியர் மாற்றும் நெம்பை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனால், பிஸ்டன்களின் வேகம் படிப்படியாக மாற வேண்டும். அந்தக் காரிலோ வழிகாட்டிப் புத்தகத்தின்படியே பிழையின்றிக் கட்டியபோதும் வரிசை ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்று வந்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்? உடம்பைப் பூட்டுவதற்கு முன் சட்டகத்தைக் கையிலெடுத்து, சில்லைச் சுழற்றி, பிஸ்டன் எத்தனை தடவை ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்த ஒரு சிலர். சில பற்சில்லுகளை இடம்மாற்றிச் சரிசெய்யும் வழியையும் அவர்களே உலகுக்குச் சொன்னார்கள். எண்ணிப் பாராதவர்களின் அலுமாரிகளில் அந்தக் கார் இன்றும் ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்று மாறிக்கொண்டு, பார்ப்பவர் மெச்ச நின்றுகொண்டிருக்கும். 300 டொலர் கொடுத்து வாங்கிய பொறி தவறாக ஓடுகிறதா, சரியாக ஓடுகிறதா என்பது ஒரு பொருட்டே இல்லையென்றால், பொறியை உள்ளே எதற்கு வைக்க வேண்டும்? உள்ளே பஞ்சை அடைத்து விற்கலாமே.

எழுபதுகளில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோர்த்தார்கள். அங்கே பழகுநராகச் சேரும் பையனை எழுத்துக் கோர்க்க விடமாட்டார்கள். அச்சாகி முடிந்த பக்கத்தைக் குலைத்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போடுவதே பல மாதங்களுக்கு அவனது வேலை. குலைக்கத் தெரியாதவனுக்குக் கோர்க்க வராது என்பார் அங்கிருந்த மூத்த அச்சுக்கோர்ப்பாளர். பழைய டெக்னிக் பெட்டிகள் இந்த நியாயத்தை அறிந்திருந்தன. 8880இன் பெட்டியில், அதே துண்டுகளால் வேறொரு வண்டியைக் கட்டுவதற்கும் வழிகாட்டல் இருந்தது. முதலாவதைக் குலைத்தால்தான் இரண்டாவது. போர்ஷேயிலும் புகாட்டியிலும் இரண்டாவது வண்டி இல்லை. மாறாக, புகாட்டியின் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனித் தொடரிலக்கம் தந்திருக்கிறார்கள். தொடரிலக்கமுள்ள பொருளை யார் குலைப்பார்?

அதே 2018இல் அந்த நிறுவனம், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட டெக்னிக் துண்டுகளாலும் 2,304 சிறு மோட்டார்களாலும், மனிதர் ஏறியமர்ந்து ஓட்டக்கூடிய முழு அளவுப் புகாட்டியொன்றைக் கட்டி, மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் ஓட்டியும் காட்டியது. பொறியியல் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். தெரிந்தவர்கள் தெரிந்தே மூடும்போதுதான் வயிறு எரிகிறது.

நான் கேட்பது பெரிய காரியமன்று. பெயர் வேண்டாம், சின்னம் வேண்டாம், பொன்னிறச் சில்லு வேண்டாம். 853ஐயும் 8860ஐயும் போல, வெறும் சட்டகமொன்றை, இன்றைய துண்டுகளைக் கொண்டு, ஒரு பாடசாலைப் பிள்ளையின் பெற்றோரால் வாங்கக்கூடிய விலையில் மீண்டும் வெளியிடட்டும். அதற்குரிய துண்டுகள் அத்தனையும் அவர்களிடம் இருக்கின்றன. அச்சுகளை வார்க்கவேண்டியதில்லை, உரிமத்துக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. அதுவரை, வீட்டில் இத்தகைய கார் வைத்திருப்பவர்கள் ஒருநாள் மாலை முன்மூடியையும் பக்கத் தகடுகளையும் கழற்றி, பிள்ளைகளை அருகே அழைத்து, சில்லைச் சுழற்றிக் காட்டலாம். போர்ஷே வைத்திருப்போர் மறவாமல் கியர்களை எண்ணிப் பார்க்கவும்.

பெறாமகனுக்கும் இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை நான் வரும்போது அந்தப் பச்சைக் கார் மேசைமீது, மேலாடை களைந்து, எலும்போடு நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மருமகள் சம்மதித்துவிட்டார். அவர் இன்னும் யோசிக்கிறார்.