மௌலவிக்கு ஒரு சட்டமா?



ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பிந்திவிடுமே என்ற அவசரத்தில் ஹெல்மட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். சந்தியில் பொலிஸார் நின்றார்கள். எனது ஜுப்பாவையும் தொப்பியையும் கண்ட உத்தியோகத்தர், "மௌலவி, நீங்க போங்க" என்று கையசைத்தார். அதே இடத்தில் மீன் பெட்டியோடு ஒரு சகோதரர் மறிக்கப்பட்டிருந்தார். அவர் தலையிலும் ஹெல்மட் இல்லை. அவருக்குத் தண்டப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் ஓதும் பிள்ளை ஒன்றின் வாப்பா.

அடுத்த வாரம் பிள்ளை ஓத வரவில்லை. விசாரித்தேன். மாதக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணம் தண்டப்பணமாகத் தபாலகத்துக்குப் போய்விட்டதாம். வெறுங்கையோடு அனுப்ப வெட்கப்பட்டு உம்மா பிள்ளையை நிறுத்திவிட்டார்.

சகோதரிகளே! அவருக்குத் தண்டம் விதித்தது பிழையல்ல. ஹெல்மட் உயிரைக் காப்பது. என்னை விட்டதுதான் பிழை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் ஜுப்பாவுக்கு விதிவிலக்கு இல்லை. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை.

இதற்கு யார் பொறுப்பு? முதலில் ஆள் பார்த்துச் சட்டம் பேசும் உத்தியோகத்தர். அடுத்து, "அவர் நம்மட ஆள், விடுங்க" என்று தொலைபேசியில் சொல்லும் பெரிய மனிதர். மூன்றாவது, விட்டார்களே என்று மகிழ்ந்து போன என்னைப் போன்றவர்கள். நான்காவது நமது வீடு. மகன் பிடிபட்டால், "உங்கட கூட்டாளி ஸ்டேஷனில இருக்கார்தானே, ஒரு கோல் எடுங்களேன்" என்று நாம் சொல்வதில்லையா? கையில் எதையாவது வைத்துவிட்டு வருவோரும் உண்டு. இலஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் நாட்டுச் சட்டப்படி குற்றவாளியே.

பனூ மக்ஸூம் கோத்திரப் பெண்ணின் சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். உயர்குலத்துப் பெண் களவெடுத்தபோது உஸாமா (ரழி) அவர்களைப் பரிந்துபேச அனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் கோபம் கொண்டார்கள். பெரியவனை விட்டுவிட்டு எளியவனைத் தண்டித்ததே முன்னோரின் அழிவுக்குக் காரணம் என எச்சரித்தார்கள். அன்று சந்தியில் எனக்காகப் பரிந்துபேசியது எனது ஜுப்பா.

ஏழை என்பதற்காக, அல்லது இன்ன சமூகத்தவர் என்பதற்காக மட்டும் உங்கள் வீட்டாரைப் பிடித்தால் பேசாமல் இருக்கவும் வேண்டாம். இடம், நேரம், உத்தியோகத்தரின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிலும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வதாயின் ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும்.

நான் அந்தச் சகோதரரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை மறுபடி ஓத வருகிறது. நாளை உங்கள் மகன் ஹெல்மட் இல்லாமல் புறப்பட்டால் திறப்பைக் கொடுக்காதீர்கள். நீதி நம் வீட்டு வாசலில் இருந்து தொடங்கட்டும்.