உறைக்குள் உறை

இணையத்தில் அனுப்பும் செய்தியை மற்றோர் உறையிலிட்டு அனுப்புவது குற்றத்தின் அறிகுறியாகுமா? 2022-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி மத்திய சர்க்காரின் செர்ட்-இன் ஸ்தாபனம் பிறப்பித்த உத்தரவு இக்கேள்வியை எழுப்பியது. வி.பி.என். சேவை நடத்துவோர் தம் வாடிக்கைக்காரரின் பெயர், விலாசம், உபயோகிக்கும் காரணம் முதலியவற்றை 5 வருஷமேனும் பதிந்து வைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

உறைக்குள் உறையிடுதல் அபூர்வ வித்தையன்று. பழவேற்காட்டு மீனவர் கடலின் நிலையறியக் கைபேசியைத் தொட்டாலும் அதுவே நிகழ்கிறது. 4ஜி முறையில், அவரது செய்திப் பொட்டலத்தைக் கைபேசிக் கோபுரம் அப்படியே வேறொரு பொட்டலத்தினுள் வைத்து, கம்பெனியின் வாயில் நிலைய விலாசத்தை மேலே எழுதி அனுப்புகிறது. இடைவழிக் கருவிகள் மேல்விலாசத்தைக் கொண்டே அதனைச் செலுத்தும். வாயிலில் மேலுறை கழற்றப்பட்டு, உட்பொட்டலம் இணையத்திற் செல்லும். அவர் மறு கோபுரத்தின் எல்லையை அடைந்தால் மேலுறையின் விலாசமே மாறும், உள்விலாசம் மாறாது. தொடர்பு அறாதிருப்பது இதனாலேயே. இம்முறைக்குச் சுரங்கவழி என்று பெயர்.

வி.பி.என். செய்வதும் இதுவே; கூடுதலாக உறைக்குப் பூட்டும் இடுகிறது. அப்பூட்டின் திறவுகோல் சேவை நடத்துவோரிடமும் உண்டு. வழியிலுள்ளோருக்கு மறைத்ததை நாம் அவரிடம் நம்பி ஒப்படைக்கிறோம். அந்த இடத்தில்தான் சர்க்கார் பதிவேட்டை வைக்கச் சொல்கிறது.

சைபர் மோசடிக்காரரைக் கண்டுபிடிக்கச் சர்க்காருக்குச் சாதனம் வேண்டுமென்பதை மறுப்பாரில்லை. ஆனால், சந்தேகத்திற்குரியவரை விசாரிப்பது வேறு. அனைவரையும் முன்கூட்டியே ஏட்டில் எழுதி வைப்பது வேறு. வியாபார ஸ்தாபனங்கள் தமக்கென வைத்துள்ள வி.பி.என்.களுக்கு இவ்விதி பொருந்தாதெனப் பின்னர் விளக்கம் தரப்பட்டது. கம்பெனிக்கு அளித்த விலக்கு தனிமனிதனுக்கு ஏன் இல்லை? அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017-இல் புட்டசாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஏகமனதாகத் தீர்ப்பளித்துள்ளனர். அவ்வுரிமையைக் குறுக்கும் நடவடிக்கை நோக்கத்திற்கேற்ற அளவைக் கடத்தல் ஆகாது.

கண்ட பலன்தான் என்ன? எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்ட் வி.பி.என். ஆகிய கம்பெனிகள் 2022 ஜூன் மாதத்தில் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றின. அயல்நாட்டுச் சர்வர் வழியே சேவை தொடர்ந்தது.

பதிவுக் காலத்தைக் குறைத்து, காரணங்காட்டிப் பெற்ற நீதிபதியின் உத்தரவின் மேல் மட்டுமே ஏட்டைத் திறக்கலாமென விதியைத் திருத்துதல் வேண்டும். குற்றத்தைத் தேடுவதற்கும் பிரஜைகளின் மானத்தைக் காப்பதற்கும் அதுவே நேர்வழி என்பது நமது அபிப்பிராயம்.