நூலக வரி நாமும் கட்டுகிறோம், நம் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள் தோழர்களே. அதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-இல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் போட்ட வரி அது. ஊர்த் தெருவும் கட்டுகிறது, காலனியும் கட்டுகிறது. வசூலிக்கும்போது ஊராட்சிக்கு ஊர், சேரி என்ற பேதம் கிடையாது. நூலகம் எந்தத் தெருவில் என்று வரும்போதுதான் அந்தப் பேதம் எழுந்து நிற்கிறது. கிராமத்து நூலகத்துக்கு அரசு வைத்த பெயரே 'ஊர்ப்புற நூலகம்'. சாதியை நினைத்து வைத்த பெயராக இருக்காது. ஆனால் பல கிராமங்களில் அந்தப் பெயரே முகவரியாகவும் பொருந்திப்போகிறது.

எல்லாம்தான் இணையத்துக்கு வந்துவிட்டதே என்பார்கள். 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், இவை போக தமிழ் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள். மூன்றையும் நான் கொண்டாடுகிறேன். ஆனால் இணையத்தில் ஏறியது புத்தகம் மட்டும். நூலகர் ஏறவில்லை.

ரெஃபரன்ஸ் சேவை என்பது அந்த நூலகரைப் பற்றியது. நீங்கள் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அவர் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்கிறார். பிறகு எந்த நூல், எந்த ஆவணம், அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறார். இதை மின்னஞ்சலிலோ சாட்டிலோ செய்தால் அது இணையவழி ரெஃபரன்ஸ். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 'நூலகரைக் கேளுங்கள்' என்று இதை இலவசமாகவே நடத்துகிறது. வெளிநாட்டவரும் கேட்கலாம். விழுப்புரத்தில் இருக்கும் மாணவி வாஷிங்டனைக் கேட்க முடிகிறது. தன் மாவட்ட மைய நூலகத்தை அப்படிக் கேட்க, நான் வேலை செய்த மாவட்டங்களில் வழி இல்லை.

இதனால் யாருக்கு நட்டம்? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவே ரெஃபரன்ஸ். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைக்கு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அரசாணை வந்தது என்பது நம் இளைஞர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மேடையில் சொல்லுவோம். 'எங்க ஊர்ல எந்த சர்வே நம்பர்?' என்று ஒருவர் எழுந்து கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. இணையத்தில் பட்டா பார்த்தால் இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறதோ அதுதான் வரும். டி.சி. நிலமாக, கண்டிஷன் பட்டாவாகக் கொடுக்கப்பட்டதா என்று அறிய, யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடும் செட்டில்மென்ட் பதிவேடும் வேண்டும். அவற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடுவதா, வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்பதா, என்ன பெயர் சொல்லிக் கேட்பது? இதைச் சொல்லித்தரும் ஒரே ஒரு ஆள் இல்லாததால் பாதியில் நின்ற வழக்குகளை எனக்குத் தெரியும்.

அயோத்திதாசரையும் பாருங்கள். அவர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் இருந்து என்று சொல்லி தினமும் ஏதாவது ஒரு மேற்கோள் சுற்றுகிறது. ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டையில் இருந்து வெளிவந்த தொகுதிகளில் அது இருக்கிறதா என்று சரிபார்த்துச் சொல்ல ஒரு நூலகருக்கு எவ்வளவு நேரமாகும்? கூகுள் இருக்கிறது, ஏ.ஐ. இருக்கிறது என்று சமாதானம் சொல்பவர்கள், அதே ஏ.ஐ. இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணோடு ஆதாரம் தருவதையும் பார்த்திருப்பார்கள். நீதிமன்றத்தில் அதை நீட்ட முடியுமா?

இன்னொரு விஷயம். நேரில் போனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதலில் கேட்பது 'எந்த ஊரு, எந்தத் தெரு?' கேள்வி சாதாரணமாகத்தான் வரும். அது எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நம் பெண் பிள்ளை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றி அங்கே கேட்பாளா? இணையவழிச் சேவையில் இந்த மேசை இல்லை. ஆனால் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் கேட்கும் ஒரு படிவத்தை முன்னால் வைத்தார்கள் என்றால், மேசையை அப்படியே தூக்கி இணையத்தில் போட்டதாகத்தான் அர்த்தம். கேள்வியும் பதில் அனுப்ப ஒரு எண்ணும் போதும். வேறெதுவும் கேட்கக் கூடாது. தமிழில் தட்டச்சு வராதவர் குரல் பதிவாகவும் அனுப்ப வழி வேண்டும்.

ஆள் இல்லை, நிதி இல்லை என்பார்கள். ஆள் இல்லை என்பது ஓரளவு உண்மை. இருக்கிற ஊர்ப்புற நூலகருக்கே உருப்படியான சம்பளம் இல்லாதபோது அவர் தலையில் இதையும் கட்டச் சொல்லவில்லை. நூலக அறிவியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளை மாவட்டத்துக்கு நான்கு பேராவது நியமிக்கட்டும். நிதி இல்லை என்பதைத்தான் ஏற்க முடியாது. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் பாக்கி வைப்பது மிகப் பழைய புகார். நூலகவியலில் உலகமே பின்பற்றும் ஐந்து விதிகளை 1931-இல் எழுதிய ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் என்பதில் நமக்குப் பெருமை அதிகம். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அந்த ஐந்தில் ஒன்று. ஒரு பதிவேட்டின் பெயர் தெரியாமல் நம் ஆட்கள் வருடக்கணக்கில் அலைகிறார்களே, அந்த நேரம் எந்தக் கணக்கில் வருகிறது?

10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பொதுத் தகவல் அலுவலருக்கு இந்த வாரமே ஒரு மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்த ஊராட்சி எவ்வளவு நூலக வரி செலுத்தியது, எவ்வளவு பாக்கி, அதில் ரெஃபரன்ஸ் சேவைக்குச் செலவழித்தது எவ்வளவு, காலனிக்குள் இருக்கும் நூலகங்கள் எத்தனை. இந்த நான்கு கேள்விகள் போதும். வருகிற பதிலை அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று சத்தமாகப் படியுங்கள்.