இட்லிக் கடையில் ஒரு கறுப்புச் சதுரம்

சில்லறைத் தொல்லை தீர்ந்தது. செலவு யார் தலையில்?

திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் பொழுது விடியும்போதே இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவி கிளம்பிவிடுகிறது. முருகனைத் தரிசிக்க வந்தவர்கள், மதுரைக்கு வேலைக்குப் போகிறவர்கள், தூக்குச் சட்டியுடன் வந்த தாய்மார்கள் என்று கடை முன்னே கூட்டம். அந்தக் கூட்டத்தில், இணையத் தளங்களை அமைத்துக் கொடுக்கும் தொழில் செய்யும் இளைஞர் ஒருவரும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கம்பெனி சென்னையில், வேலை நடப்பதோ இவருடைய வீட்டு மாடியில். நாலு இட்லியைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, தூணில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சதுரத்தின் முன் கைபேசியைக் காட்டுகிறார். "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சின்னப் பெட்டி ஒன்று தமிழில் அறிவிக்கிறது. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஈடு இட்லியை எடுக்கப் போய்விட்டார்.

மற்றவர்களுக்கு அத்துடன் விஷயம் முடிந்தது. இந்த இளைஞருக்கு முடிவதில்லை. நாள் முழுவதும் இத்தகைய ஏற்பாடுகளோடு மல்லுக்கட்டுகிறவராதலால், அந்த நாற்பது ரூபாய் எந்த வழியே போயிற்று, அதற்கு யார் செலவு செய்தார்கள், வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று அவர் மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது. சாதாரண மனிதர் ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குத்தான் அது.

சாம்பார் தெறித்தாலும் படிக்கும்

முதலில் அந்தச் சதுரத்தைப் பார்ப்போம். 1994ஆம் ஆண்டு ஜப்பானில், மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கெடுப்பதற்காக மசாஹிரோ ஹாரா என்ற பொறியியலாளரும் அவருடைய குழுவினரும் இதை உருவாக்கினார்கள். கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' என்ற பலகை ஆட்டம் அவருக்கு யோசனை தந்தது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய கட்டங்கள், படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கருவிக்குச் சொல்கின்றன. தகவலை ஒரு முறைக்கு மேல் காக்கும் கணித ஏற்பாடும் உள்ளே உண்டு. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் எஞ்சியதைக் கொண்டு முழுவதையும் மீட்டுவிடலாம். தொழிற்சாலையின் எண்ணெய்க் கறைக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, இன்று சாம்பார்க் கறைக்கும் ஈடு கொடுக்கிறது!

சதுரம் வெறும் விலாசந்தான். பணம் நடக்கும் பாதை யு.பி.ஐ. என்பது. இது 2016 ஏப்ரலில் அறிமுகமாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டபோது, சில்லறைக்கு அலைந்த ஜனங்கள் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்கள். 2025 ஆகஸ்டில், ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் என்ற எல்லையை இது முதன்முறையாகத் தாண்டியது.

ஓசிப் பந்தி அல்ல

இளைஞர் நாற்பது ரூபாய் அனுப்பினார். கடைக்காரருக்கு நாற்பது ரூபாயும் வந்தது. நடுவில் தரகு இல்லை. 2020 ஜனவரி முதல் இந்தப் பரிவர்த்தனைக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் வாடிக்கையாளரின் பாங்கு, வியாபாரியின் பாங்கு, கைபேசிச் செயலி, நடுவே நின்று கணக்கு மாற்றிவிடும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் என்று பல கைகள் இதில் வேலை செய்கின்றன. அவர்களுடைய யந்திரங்களுக்கும் மின்சாரத்துக்கும் ஆட்களுக்கும் கூலி எங்கிருந்து வரும்?

ஒரு பகுதி சர்க்கார் கஜானாவிலிருந்து வருகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கென 1,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒரு திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2025 மார்ச்சில் அனுமதி அளித்தது. சிறு வியாபாரிகள் பெறும் 2,000 ரூபாய் வரையிலான தொகைகளுக்கு, நூற்றுக்குப் பதினைந்து காசு ஊக்கத்தொகை. நாலு இட்லிக்கு ஆறு காசு! அதையும் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் செலவை யாராவது ஒருவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ராவும் 2025இல் சுட்டிக்காட்டினார். ஆகவே இது ஓசிப் பந்தி அல்ல. இலைக்கு யார் பணம் கட்டுவது என்பது இன்னும் முடிவாகாத பந்தி. அந்தப் பாரம் நாளைக்கு இட்லிக் கடைக்காரர் தலையில் இறங்கினால், இட்லி விலையும் ஏறும் என்பதில் ஐயமில்லை.

"வந்ததா, வந்ததா?"

2025 ஏப்ரல் 12ஆம் தேதி நாடெங்கும் இந்தப் பாதை பல மணி நேரம் தடுமாறியது. அதற்குச் சில நாட்களுக்கு முன், மார்ச் 26ஆம் தேதியும் ஒரு தடங்கல். ஏப்ரல் தடங்கலுக்குப் பின்னர் சொல்லப்பட்ட காரணம் சுவாரசியமானது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்கும் கேள்விகளைச் சில பாங்குகள் ஓயாமல் அனுப்பியதால் நடுவிலுள்ள யந்திரம் திணறிப் போயிற்றாம். கல்யாண வீட்டில் "சாதம் ஆயிற்றா, ஆயிற்றா?" என்று நூறு பேர் சமையற்கட்டு வாசலை மறித்துக்கொண்டால், சமையற்காரர் பதில் சொல்வாரா, சாதம் வடிப்பாரா? 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து இதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஒரு பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைதான் விசாரிக்கலாம். ஒவ்வொரு முறைக்கும் நடுவே 90 விநாடி இடைவெளி வேண்டும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் அல்ல. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரம் அற்றுப்போனபோது, அட்டை வைத்திருந்தவர்கள் கை பிசைந்து நின்றார்கள். சட்டைப் பையில் நோட்டு வைத்திருந்தவர்கள் ரொட்டி வாங்கினார்கள். நோட்டுப் புழக்கம் அருகிப்போன நார்வே நாடு, கடையில் ரொக்கம் கொடுக்கும் உரிமையை 2024 அக்டோபரில் சட்டத்தால் வலுப்படுத்தியது.

கணக்கு பேசும்போது

இன்னொரு விஷயமும் உண்டு. கல்லாப் பெட்டி ரகசியம் காக்கும், கைபேசி காக்காது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவுகளை வைத்தே சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் சதுர அட்டைகள் மறைந்து, "ரொக்கம் மட்டும்" என்ற பலகைகள் தொங்கின. எதிர்ப்பு வலுத்ததும், பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று அந்த மாநில அரசு அறிவித்தது.

நியாயம் இரு பக்கமும் இருக்கிறது. வரி ரொக்கத்துக்கும் உண்டு. யந்திரம் புதிதாக வரி போடவில்லை, மறைந்திருந்ததைக் காட்டியது. ஆனால் வரம்பைப் பாருங்கள். சமைத்துப் பரிமாறுவது சேவைக் கணக்கில் சேரும். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம். நாளொன்றுக்கு 5,500 ரூபாய் வியாபாரமானாலே அந்த எல்லை வந்துவிடும். அது லாபமல்ல, மொத்த வரவு. அரிசி, உளுந்து, காஸ், கூலி எல்லாம் அதற்குள் அடக்கம். மைத்துனர் திருப்பிக் கொடுத்த கடனும் சீட்டுப் பணமும் அதே கணக்கில் விழுந்தால், அவையும் வியாபாரமாகத் தோற்றம் தரும். கடைக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது கடைக்காரரின் கடமை. நோட்டீஸ் அனுப்புமுன் தெருவுக்கு வந்து விதியை விளக்கிச் சொல்வது அதிகாரிகளின் கடமை.

பெட்டியும் இருக்கட்டும்

இதனால் சதுரத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சில்லறை இல்லாமல் மிட்டாய் வாங்கிக்கொண்ட காலம் திரும்ப வேண்டாம். ஆனால் வைகாசி விசாகத்துக்குப் பால்குடம் எடுத்து வரும் கிராமத்துப் பாட்டியின் முந்தானை முடிச்சில் இருப்பது ரொக்கந்தான். அவளுக்குச் சில்லறை கொடுக்கக் கல்லாப் பெட்டியும் கடையில் இருந்தாக வேண்டும். சிறு கடைகளுக்குக் கட்டணம் வருமா, வராதா என்பதை ஆண்டுதோறும் ஊகிக்க விடாமல் மத்திய சர்க்கார் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

மறுநாள் காலை அதே இளைஞர் கைபேசியைக் காட்டுகிறார். சக்கரம் சுற்றுகிறது, பெட்டி வாய் திறக்கவில்லை. பையைத் தடவுகிறார், ஒரு காசு இல்லை. கடைக்காரர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்கிறார்: "போயிட்டு வாங்க தம்பி, நாளைக்குச் சேர்த்துக் குடுங்க."