அறிவுரை எட்டாத இடம்

கவனக்குறைவு – மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என மருத்துவ நூல்கள் குறிக்கும், ஏ.டி.எச்.டி. என்ற பெயரில் பரவலாக அறியப்படும் நிலை கொண்ட குழந்தைக்குக் கவனமே கிடையாது என்று கருதுவது பிழை. கணக்கு நோட்டின் முன் ஐந்து நிமிடம் உட்கார முடியாத சிறுவன் கைப்பேசி விளையாட்டில் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடப்பதைக் காணும் பெற்றோர், 'மனசு வைத்தால் செய்வான், எல்லாம் கொழுப்பு' என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். விளையாட்டு நொடிக்கு நொடி பலனைக் காட்டுகிறது என்பதும், கணக்கின் பலனோ அரையாண்டுத் தேர்வு வரை காத்திருக்கச் சொல்கிறது என்பதும் அந்த முடிவில் விடுபட்டுப்போகின்றன.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி 1997-இல் முன்வைத்த கோட்பாடு, இக்கோளாற்றின் வேரைத் தன்னைத் தடுத்து நிறுத்திக்கொள்ளும் ஆற்றலின் குறையில் காண்கிறது. எழும் உந்துதலைச் சற்றே நிறுத்திவைக்க இயலாதபோது, செய்ய வேண்டியதை மனத்தில் ஏந்தியிருத்தல், காலத்தைக் கணித்தல், சலிப்பு தட்டும்போது தன்னைத் தானே ஊக்கிக்கொள்ளுதல் முதலிய, ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடத்திச்செல்லும் திறன்களும், அதாவது நிர்வாகச் செயல்பாடுகளும், தளர்ந்துவிடுகின்றன. குறை அறிதலில் அன்று, அறிந்ததை உரிய கணத்தில் செய்வதில்தான் இருக்கிறது என்றால், காலையில் சொன்ன அறிவுரை மாலை வீட்டுப்பாடத்திற்குத் துணைநிற்காமல் போவதில் வியப்பில்லை.

எனவே உதவி, வேலை நடக்கும் இடத்திலேயே, நடக்கும் நேரத்திலேயே கிடைத்தாக வேண்டும். இருபது கணக்குகள் கொண்ட தாளை மடித்து நான்கை மட்டும் கண்ணில் படும்படி வைப்பதும், அந்த நான்கு முடிந்தவுடனே பார்த்து ஒரு சொல் பாராட்டிவிட்டு அடுத்த மடிப்பை விரிப்பதும், எஞ்சிய நேரம் கண்ணுக்குத் தெரியும்படி மேசையில் ஒரு மணற்கடிகாரம் வைப்பதும் அற்பமாகத் தோன்றினாலும், மனத்துக்குள் நடக்க வேண்டிய கணிப்பை அவை வெளியே கொண்டுவந்து வைக்கின்றன. கால் ஆட்டுவதையும் நெளிவதையும்கூட உடனே அதட்டி நிறுத்த வேண்டியதில்லை. மனத்தில் ஏந்த வேண்டிய சுமை கூடும்போது இக்குழந்தைகளின் அசைவும் கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியிருக்க, வீட்டுப்பாடம் முடிக்காததற்குத் தண்டனையாக விளையாட்டுப் பாடவேளையைப் பறிப்பதைவிடத் தலைகீழான வைத்தியம் வேறில்லை.

மருந்தின் இடத்தையும் மறுப்பதற்கில்லை. 579 குழந்தைகளைப் பதினான்கு மாதங்கள் பின்தொடர்ந்து 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நெருக்கமான கண்காணிப்புடன் தரப்பட்ட மருந்து, கோளாற்றின் மையக் குறிகளைக் குறைப்பதில் நடத்தைப் பயிற்சியைவிட மேம்பட்டு நின்றது. எனினும் அதே குழந்தைகளை அதன் பின்னும் தொடர்ந்து கவனித்தபோது, மூன்றாம் ஆண்டில் குழுக்களிடையே அந்த வேறுபாடு மறைந்துவிட்டிருந்தது. இந்த இரண்டாம் செய்தி, மருந்தை ஒதுக்குவதற்கான காரணம் அன்று; மாத்திரையைத் தொடங்கியதோடு பள்ளியின் பொறுப்பு முடிந்ததெனக் கருதலாகாது என்பதற்கான காரணம்.

உண்மையில் உதவிகள் பெரும்பாலும் கைவிடப்படுவது அவை பலன் தரும் வேளையில்தான்: மதிப்பெண் ஏறியதும் 'இனி தானே செய்துகொள்வான்' என்று தாள் மடிப்பும் கடிகாரமும் அகற்றப்படுகின்றன, பழைய நிலை திரும்பியதும் பழியும் திரும்புகிறது. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பட்டியலிட்ட 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைச் சேர்த்துள்ளபோதிலும் ஏ.டி.எச்.டி.யைப் பெயர் சுட்டிச் சேர்க்கவில்லை. இதனால் இத்தகைய துணை பெரிதும் தனி ஆசிரியரின் பரிவைச் சார்ந்தே நிற்கிறது, ஜூன் மாதத்தில் வகுப்பாசிரியர் மாறினால் அதுவும் அறுந்துபோகிறது.